கேட்டர்ஹாம் செவன் 170 கிட்: உப்புக் காற்றில் எந்த ஆப்ஷனுக்குக் காசு, எதற்கு வேண்டாம்

பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் கிட் கார் கேட்டர்ஹாம் செவன் 170. அதற்கு ஆர்டர் படிவம் நிரப்பும்போது முதலில் கண்ணில் படுவது பவர், கார்பன், லெதர். திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டை பக்கம் காரை நிறுத்தப் போகிறவர் அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். துருவைத் தடுப்பதற்கு முதல் காசு. வெப்பத்தைச் சமாளிப்பதற்கு அடுத்தது. பவர் கடைசி. சில ஆப்ஷன்களைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் பூட்டலாம். சிலவற்றை ஆர்டரில் விட்டால் விட்டதுதான். இந்த விமர்சனம் பெரும்பாலும் அந்தப் பிரிவைப் பற்றியது.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு: 1957-ல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவனின் உரிமை 1973-ல் கேட்டர்ஹாமுக்குப் போனது. அந்த வழியில் 2021-ல் வந்தது 170. சுஸுகியின் ஆர்06ஏ இன்ஜின், 658 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ. 84 குதிரைத்திறன், 116 நியூட்டன் மீட்டர். ஐந்து கியர், பின்னால் லைவ் ஆக்ஸில் (இரு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே விறைப்பான அச்சு), முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அகலம் 1,470 மிமீ, எடை 440 கிலோ. மணிக்கு 60 மைலை 6.9 நொடியில் தொடும். ஸ்டீல் குழாய் சேஸி மேல் அலுமினியத் தகடு. மூக்கும் விங்குகளும் (மட்கார்டுகள்) ஃபைபர்.

இந்த எடையில் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதி முடிவுகள் தானே வந்துவிடும். ஆப்ஷன்களால் 20 கிலோ கூடினால், எடைக்கேற்ற பவர் விகிதத்தில் அது ஏறத்தாழ 4 குதிரைத்திறனைக் கழற்றி வைத்ததற்குச் சமம். ஆயிரம் கிலோ காரில் 20 கிலோ யாருக்கும் தெரியாது. இங்கே தெரியும்.

காசு கட்டும் முன் சட்டம். பிரிட்டனில் வீட்டில் பூட்டிய காருக்குத் தனி வாகனச் சோதனை ஒன்று உண்டு. அதில் தேறினால் நம்பர் பிளேட் கிடைக்கும். நம் ஊரில் அப்படி ஒரு வாசல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 126-ன்படி மாடலுக்கு வகை ஒப்புதல் வேண்டும். அதற்கான சோதனை மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது, ஆனால் அது தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும் உள்ள பாதை. கேரேஜில் ஸ்பேனர் பிடிப்பவருக்கு அது உதவாது. ‘பழைய கார் ஒன்றின் ஆர்.சி.யை வைத்து ஓட்டிவிடலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 அதற்கு நேர் எதிரானது, இன்சூரன்ஸும் நிற்காது. ஆகவே சென்னையில் இந்த கிட் என்பது டிரெய்லரில் ஏறி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போய்த் திரும்பும் வண்டி. மீஞ்சூரில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து நசரத்பேட்டையில் இறங்கினால் ஊருக்குள் நுழையாமல் போய்விடலாம். இனி வரும் தீர்ப்புகள் எல்லாம் இந்தப் பயன்பாட்டை வைத்துத்தான்.

ஆர்டரிலேயே முடிவு செய்ய வேண்டியவற்றில் முதலாவது பெயின்ட். பாலிஷ் போட்ட வெற்று அலுமினியம் படத்தில் அழகு, எடையும் குறைவு. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிறுத்துகிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம். ஒரு மழைக்காலம் போதும், தகட்டில் வெள்ளைப் பொடி பூக்கும். பாலிஷ் செய்யச் செய்ய மீண்டும் பூக்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை காற்றில் உப்பு. மணலி, அத்திப்பட்டு பக்கம் ஆலைப் புகையும் சாம்பல் தூசும் அதோடு சேரும். முழு பெயின்டுக்குப் பணம் கொடுங்கள். பின் விங்குகளின் முன்முகத்துக்குக் கல் தடுப்பு ஷீட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் வாரி இறைக்கும் கல் நேராக அங்கேதான் அடிக்கும். சாம்பல் படிந்த பெயின்டை உலர்ந்த துணியால் துடைத்தால் அது உப்புத்தாள் வேலையைச் செய்யும். முதலில் தண்ணீர், பிறகுதான் துணி.

சேஸிக்கு பவுடர் கோட்டிங் வந்துவிடும், அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. பவுடர் கோட்டிங்கின் கெட்ட குணம், மேலே பளபளவென்று இருக்கும்போதே அடியில் துருவை ஓடவிடுவது. துரு ஆரம்பிக்கும் இடம் நீங்கள் போடும் துளை. தகடுகள் பெரும்பாலும் ரிவெட் அடித்தே வரும். ஃபயர் எக்ஸ்டிங்விஷர், கேமரா மவுன்ட், வயர் கிளிப் என்று நாம் கூடுதலாகத் துளைப்பவைதான் வினை. 4 மிமீ ரிவெட்டுக்கு 4.1 மிமீ துளை. துளைத்ததும் பிசிறை எடுத்து, உள்விளிம்பில் ஜிங்க் பிரைமரைத் தூரிகையால் தொட்டுக் காயவிடவும். பிறகு டூராலாக் மாதிரியான ஜாயின்டிங் பேஸ்டில் ரிவெட்டை முக்கி, ஈரமாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். அலுமினியமும் ஸ்டீலும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் சின்ன பேட்டரி ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். பேஸ்ட் அந்தத் தொடுப்பைத் துண்டிக்கிறது. ரிவெட் மூடிய முனை உள்ளதாக இருந்தால் குழாய்க்குள் தண்ணீர் போகாது. இன்ஜின் ஏற்றுவதற்கு முன், சேஸி காலியாக இருக்கும்போதே, திறந்த குழாய் முனைகளுக்குள் கேவிட்டி வாக்ஸ் (உட்சுவரில் படியும் துருத்தடுப்பு மெழுகு) அடித்துவிடுங்கள். இன்ஜின் உட்கார்ந்த பிறகு பாதி முனைகளுக்குக் கையே போகாது.

இதே பயத்தில் பலர் செய்யும் தவறான அப்கிரேட் ஒன்று உண்டு: எல்லா போல்ட்டையும் ஸ்டெயின்லெஸ் ஆக்குவது. டேஷ், விங், விளக்கு பிராக்கெட்டில் பரவாயில்லை. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் மவுன்டில் கூடாது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ்ஸின் இழுவிசை 700 மெகாபாஸ்கல், 8.8 கிரேடு ஸ்டீல் 800, 10.9 கிரேடு 1,000. பார்க்க விலை உயர்ந்தது, வலுவில் குறைந்தது. மேலும் ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் இறுக்கும்போதே ஒன்றையொன்று கவ்வி இறுகிவிடும். அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கிட்டோடு வரும் கிரேடையே வைத்துக்கொண்டு, பூட்டிய பின் தலையிலும் நட்டிலும் வாக்ஸ் தடவினால் போதும். நைலாக் நட் (நைலான் வளையம் உள்ள, தானே தளராத நட்) ஒரு தடவைக்குத்தான், கழற்றினால் புதிது.

போல்ட் விஷயத்தில் இன்னொன்று. செவனில் மெட்ரிக் போல்ட்டும் இன்ச் கணக்கு யுஎன்எஃப் போல்ட்டும் கலந்தே இருக்கும். தொலைந்த ஒன்றுக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததைப் போட்டால் என்ன ஆகும்? அரை இன்ச் என்பது 12.7 மிமீ, எம்12 போல்ட் அந்தத் துளையில் 0.7 மிமீ ஆடும். இறுக்கினால் சரியாகத்தான் தெரியும், நாலு லாப் கழித்து டக் டக் சத்தம், பிறகு துளை முட்டை வடிவம். பாரிமுனையில் செம்புதாஸ் தெருவைச் சுற்றிய ஹார்டுவேர் கடைகளில் யுஎன்எஃப் கேட்டால் கிடைக்கும். பழைய போல்ட்டையே கையில் எடுத்துப் போய், தலையில் உள்ள கிரேடு குறியைக் காட்டி வாங்குங்கள். இன்ச் போல்ட்டில் 8.8 என்று எழுதியிருக்காது. தலையில் மூன்று கோடு, ஆறு கோடு என்று இருக்கும். ஆறு கோடு உள்ளது வலுவானது.

அடுத்து எஸ் வகையா, ஆர் வகையா. எஸ் என்பது ரோட்டுக்கானது: விண்ட்ஸ்கிரீன், ஹூட் (மடக்கும் துணிக்கூரை), பக்கத் திரை, லெதர் சீட். ஆர் என்பது டிராக்குக்கானது: ஸ்போர்ட் சஸ்பென்ஷன், லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (எல்எஸ்டி; ஒரு பின் சக்கரம் சும்மா சுழன்றாலும் மற்றதற்கும் முறுக்கு அனுப்புவது), காம்போசிட் சீட், நான்கு முனை ஹார்னெஸ் (ரேஸ் சீட் பெல்ட்). ரோட்டில் ஓட்டவே முடியாத ஊரில் எஸ் வாங்குவதற்கு ஒரே காரணம் பக்கத்து சீட்டில் உட்காருபவரின் சொகுசு. ஆர் வாங்குங்கள். அந்த விலை வித்தியாசத்தில் உண்மையான சரக்கு டிஃபரென்ஷியல்தான், மற்றவையெல்லாம் பின்னாலும் வாங்கலாம்.

84 குதிரைத்திறனுக்கு எதற்கு எல்எஸ்டி என்ற கேள்வி நியாயமானது. பதில் லைவ் ஆக்ஸிலில் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு ஆக்ஸிலையே திருகப் பார்த்து, வலது பின் சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கும். வலது பக்கம் திரும்பும் இறுக்கமான வளைவில் உள்சக்கரமும் அதேதான். டர்போ முறுக்கு ஒரே மூச்சில் வரும் நேரத்தில் ஓபன் டிஃப் (எல்எஸ்டி இல்லாத சாதாரண டிஃபரென்ஷியல்) அந்தச் சக்கரத்தைச் சும்மா சுழலவிட்டு, காரை நிற்க வைத்துவிடும். ஆக்ஸிலைப் பிறகு கழற்றி எல்எஸ்டி போடலாம்தான். ஷிம் (மெல்லிய இடைத்தகடு) போட்டு பற்களின் தொடுப்பைச் சரிபார்க்கத் தெரிந்த கை வேண்டும், சாமான் மறுபடி கப்பலில் வர வேண்டும். ஆர்டரிலேயே முடித்துவிடுவது மலிவு.

கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பாரிலும் கஞ்சத்தனம் வேண்டாம். குறுக்குக் கம்பி உள்ள டிராக் டே வகையை எடுங்கள். உட்கார்ந்தபின் ஹெல்மெட் போட்ட தலை பாருக்குக் கீழே இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். உயரமானவர்களுக்கு, தரை தாழ்த்திய சேஸி உங்கள் படிவத்தில் இருந்தால் அது வெல்டிங்கிலேயே வருவது, பின்னால் முடியாது. 170-க்கு அகல சேஸி கிடையாது. குறுகலே இதன் அடையாளம். ஆறடிக்கு மேலும் அகலமான தோளும் உள்ளவர் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கட்டக் கூடாது. பெடல்களும் நெருக்கம், மெல்லிய ஷூ இல்லாமல் பிரேக்கோடு ஆக்ஸிலரேட்டரையும் மிதிப்பீர்கள்.

இனி வெப்பம். டர்போ வண்டிக்குச் சென்னை மே மாதம் கொடுக்கும் முதல் அடி காற்றின் அடர்த்தி: 15 டிகிரியில் உள்ளதைவிட 40 டிகிரி காற்று ஏறத்தாழ 8 விழுக்காடு லேசு. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் தர முடியாது. உள்ளே போகும் காற்று சூடானால் நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) வரும். நாக் சென்சார் அதைக் கேட்டதும் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இக்னிஷனைப் பின்தள்ளும், பவர் விழும். மதியம் இரண்டு மணி லாப் நேரத்தைக் காலை ஏழு மணி நேரத்தோடு ஒப்பிட்டுவிட்டு ‘டர்போ போய்விட்டது’ என்று பிரித்துப் பார்க்க வேண்டாம்.

அதனால் டர்போ பக்கம் முதல் செலவு ரீமேப் (ஈசியூ மென்பொருளை மாற்றிப் பவர் கூட்டுவது) அல்ல. எக்ஸாஸ்ட் பக்க டர்போ ஹவுசிங்குக்கு ஹீட் பிளாங்கெட், அருகில் போகும் பிரேக், கிளட்ச், ஃபியூவல் லைன்களுக்கு ரிஃப்ளெக்டிவ் ஸ்லீவ், இன்டர்கூலரைச் சுற்றிக் காற்று கசியாமல் ஃபோம் அடைப்பு. மூன்றாவதுதான் மிக மலிவு, அதிகம் மறக்கப்படுவதும் அதுவே. காற்றுக்கு இடைவெளி கிடைத்தால் இன்டர்கூலர் ஃபின்னுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். அடுத்து ஆயில் டெம்பரேச்சர், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), வைட்பேண்ட் லாம்டா (காற்று, எரிபொருள் கலவையைக் காட்டுவது) ஆகிய மூன்று மீட்டர்கள். இவை இல்லாமல் ரீமேப் செய்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிறார்.

பெட்ரோல் தனிக் கதை. இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் ஈ20 (20 விழுக்காடு எத்தனால் கலந்தது). சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று என்றால் ஈ20-க்கு 13.5 அளவில் நிற்கும். 14.1 சொச்சம் கேட்கும் ஈ10-க்கு மேப் செய்த கார், ஈ20 போட்டால் ஃபுல் த்ராட்டிலில் நாலு விழுக்காடு மெலிந்து (எரிபொருள் போதாமல்) ஓடலாம். எத்தனாலின் கூடுதல் ஆக்டேனும் உள்ளே ஆவியாகும்போது குளிர்விப்பதும் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும், ஆனால் அதையே காரணம் காட்டி பூஸ்டை ஏற்றினால் பிஸ்டன் ரிங் பள்ளம் உடையும் கதைதான். ட்யூன் செய்பவர் காற்று எரிபொருள் எண்ணைப் பார்க்காமல் லாம்டாவைப் பார்த்துச் செய்ய வேண்டும். லாம்டா 1 என்றால் அந்தப் பெட்ரோலுக்குச் சரியான அளவு காற்று, அது எந்தப் பெட்ரோலுக்கும் 1-தான். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி 100 கிடைத்தால் டிராக் நாளுக்கு அது நல்லது. அதற்கென்று மேப் செய்துவிட்டு சாதாரண பெட்ரோல் ஊற்றாதீர்கள். மாற்றிப்போடும் ஃபியூவல் ஹோஸ் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 குறியோடு இருக்கட்டும். ஆர்6, ஆர்7 குறி உள்ளவை கார்புரேட்டர் அழுத்தத்துக்கானவை. இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தில் வெடிக்கும். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் பாதி டேங்க்கோடு ஐப்பசி முழுக்க நிறுத்தி வைப்பதும் தப்பு.

‘ஃப்ராங்க்ஸில் ஒரு லிட்டர் சுஸுகி டர்போ இருக்கிறதே, அதைத் தூக்கிப் போட்டால் 100 குதிரைத்திறன் கிடைக்குமே’ என்ற யோசனையும் அடிக்கடி வரும். அந்த கே10சி குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரத்தை ஓட்டும் இன்ஜின், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். 170-ல் இன்ஜின் நீளவாக்கில். மவுன்ட், கியர்பாக்ஸ் தொடுப்பு, ஈசியூ, உயர் அழுத்த பம்ப் என்று எதுவும் நேராகப் பொருந்தாது. உதிரிபாகத்திலும் இதே குழப்பம்: ‘ஜிம்னி இன்ஜின்’ என்று ஆர்டர் போட்டால் இங்குள்ள ஜிம்னியின் 1.5 லிட்டர் கே15பி சாமான் வந்து சேரும். ஆர்06ஏ டர்போ இருப்பது ஜப்பான் ஜிம்னியில். பார்ட் நம்பர் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

கூலன்ட்டில் குழாய்த் தண்ணீர் கலக்கவே கூடாது. மீஞ்சூர் பக்க நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறி எத்தனையோ வருஷமாகிறது. அந்த போர் தண்ணீர் ரேடியேட்டரில் போனால் சுண்ணாம்பும் அரிப்பும் ஒன்றாக வரும். டீமினரலைஸ்டு வாட்டர் கேன் வாங்குங்கள். உறைபனி பயம் இல்லாததால் கூலன்ட்டில் உள்ள கிளைக்காலை 50 விழுக்காட்டுக்கு ஏற்ற வேண்டாம், தயாரிப்பாளர் சொல்லும் குறைந்த அளவே போதும். தண்ணீர் கூடினால் வெப்பம் நன்றாகக் கடத்தும்.

ஹீட்டருக்கு ஆர்டரில் டிக் வேண்டாம். அவசரத்தில் அதைத் திறந்து இன்ஜின் சூட்டைக் குறைக்கலாம் என்ற வாதம் உண்மைதான், அந்த வேலையை ஒழுங்கான ஃபேன் செய்துவிடும்.

பிரேக்கில் பெரிய காலிப்பர் தேவையில்லை. 440 கிலோவை நிறுத்த நல்ல பேடும் புது ஃப்ளூயிடும் போதும். டாட் 4 வகை பிரேக் ஃப்ளூயிடின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155. நம் ஊர் ஈரப்பதத்தில் அந்த இறக்கம் சீக்கிரம் வரும். டாட் 5.1 என்றால் 260, 180. ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் முழுதாக மாற்றிவிடுங்கள். சிலிக்கான் டாட் 5 வேறு சரக்கு, பெயர் பார்த்து ஏமாற வேண்டாம்.

டயர் அளவு 155/65 ஆர்14. பழைய வேகன்ஆரின் அளவு இது, எந்த டயர் கடையிலும் கிடைக்கும் என்பது இந்தக் காருக்கு இங்கே கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். பழகுவதற்கு அதுவே போதும். பிடிப்பு குறைவு, மெதுவாக நழுவும், கற்றுக்கொள்ள நல்லது. காற்று மட்டும் ஜாக்கிரதை. செவனுக்கு 18 முதல் 20 பிஎஸ்ஐ. காற்றடிக்கும் தம்பி டயரைப் பார்த்து வேகன்ஆர் பழக்கத்தில் 32 ஏற்றிவிடுவார். டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், கார் பனிக்கட்டியில் போவது போல் போகும். சொந்த கேஜ் வைத்துக்கொள்ளுங்கள்.

காம்போசிட் சீட் வெயிலில் கொதிக்கும், ஆனால் பூஞ்சை பிடிக்காது. லெதர் கார்த்திகையில் வெள்ளை பூத்துவிடும். ஹார்னெஸ் வாங்கும்போது எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) லேபிளில் உள்ள காலாவதி வருஷத்தைப் பாருங்கள்; ஆயுள் ஐந்து வருஷம்தான், கடையில் தூங்கிய காலமும் அதில் சேர்த்தி.

பூட்டும்போது அடிக்கடி கெடுவது இரண்டு. ஒன்று இன்ஜின் ஏற்றம்: இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே முன்னாலிருந்து சாய்த்து இறக்க வேண்டும். வாடகை கிரேனின் கை குட்டையாக இருந்தால் பாதியில் மாட்டிக்கொள்ளும். லோடு லெவலர் இல்லாமல் சாய்வை மாற்ற முடியாது. சேஸிக் குழாய்களுக்கு மேல் பழைய கார்பெட்டைக் கட்டிவிடுங்கள், பவுடர் கோட்டிங்கில் விழும் முதல் கீறல் அந்த நேரத்தில்தான். இரண்டாவது, சஸ்பென்ஷன் புஷ் (ரப்பர் உறை) போல்ட்டுகளை, ஜாக் ஸ்டாண்டில் கார் தூக்கி நிற்கும்போதே இறுதியாக இறுக்குவது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். உயரம் தப்பாகக் காட்டும், சில மாதத்தில் கிழியும். கையால் பூட்டி, சக்கரத்தில் இறக்கி, ஓட்டுபவரின் எடைக்கு மணல் மூட்டையை சீட்டில் வைத்து, நாலு தடவை உருட்டியபின் டார்க் ரெஞ்ச் எடுக்க வேண்டும். இறுக்கிய ஒவ்வொன்றிலும் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு. முதல் டிராக் ஓட்டத்துக்குப் பின் கோடு விலகியதை மட்டும் பார்த்தால் போதும்.

மிச்சம் நிறுத்தும் இடம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர் கழிமுகத்துத் தண்ணீரோடு எண்ணெயும் வீடுகளுக்குள் ஏறியது. இவ்வளவு தாழ்வான காருக்கு முழங்கால் தண்ணீரே முழுகல்தான். ஐப்பசி பிறக்கும் முன் நான்கு சக்கரத்தின் கீழும் ஓரடி உயரத்துக்கு உறுதியான மேடை, பேட்டரி நெகட்டிவ் கழற்றல், எக்ஸாஸ்ட் வாய்க்கும் ஏர் ஃபில்டருக்கும் அடைப்பு. அடைப்பை எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்யாமல் இருக்க, ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டிவையுங்கள்.